பென்சிலில் நிலக்காட்சி: மரைன் டிரைவில் முதல் பாடம்

பள்ளிக்கூடச் சித்திரப் பாடத்தில் நாம் எல்லோரும் கீறிய காட்சி ஒன்று உண்டு. இரண்டு மலை, நடுவில் சூரியன், வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை. மலைக்கும் தென்னைக்கும் ஒரே அழுத்தமான கோடு. வளர்ந்த பிறகு மறுபடி பென்சில் எடுப்பவர்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இலை இலையாக, ஜன்னல் ஜன்னலாக நுணுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்; படம் என்னவோ தட்டையாகவே கிடக்கிறது.

தாளில் தூரம் தெரிவதற்கு நுணுக்கம் அவ்வளவு உதவாது. கண்மட்டம் எங்கே இருக்கிறது, எது எவ்வளவு கறுப்பு என்ற இரண்டும் சரியாக வந்தால் மீதி கொஞ்சம் பிசகினாலும் படம் நிற்கும். இந்த இரண்டையும் பழக வெள்ளவத்தைக் கடற்கரையை விட வசதியான இடம் கொழும்பில் எனக்குத் தெரியவில்லை. காலி வீதியிலிருந்து ஏதாவது ஒரு ஒழுங்கையால் கீழே இறங்கினால் மரைன் டிரைவ். வீதி, நடைபாதை, தண்டவாளம், கற்பாறைகள், கடல் எல்லாம் பக்கம் பக்கமாக ஒரே திசையில் ஓடுகின்றன. தெற்கே பார்த்து நின்றால் இடது பக்கம் தொடர்மாடிகள், வலது பக்கம் கடல், கடைசியில் நாலு கிலோமீற்றருக்கு அப்பால் கல்கிசை முனை. கிட்டே, நடுவே, தூரம் என்று மூன்றும் ஒரே பார்வையில் அகப்படும்.

என்ன வாங்குவது

கடைக்காரர் தகரப் பெட்டியில் பன்னிரண்டு பென்சில் காட்டுவார். வேண்டாம். 2எச், எச்பி, 2பி, 4பி, 6பி என்று ஐந்தைத் தனித்தனியாக வாங்குங்கள். பென்சிலின் உள்தண்டு காரீயம் எனும் கிராஃபைட்டையும் களிமண்ணையும் கலந்து சூளையில் சுட்டது. களிமண் கூடினால் தண்டு கடினமாகி வெளிறிய கோடு தரும், அது எச் பக்கம். காரீயம் கூடினால் மென்மையாகிக் கறுக்கும், அது பி பக்கம். பிரான்ஸில் கொன்ரே என்பவர் 1795 இல் காப்புரிமை பெற்ற முறை இது. போகலவிலும் கஹட்டகஹவிலும் நம் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கிற காரீயம் உலகத்திலேயே மிகத் தூய்மையான வகைகளில் ஒன்று. நாம் தேடி வாங்கும் சித்திரப் பென்சிலோ ஜெர்மன் பெயரோடு வருகிறது. அது வேறு கதை.

கடதாசி முக்கியம். போட்டோகொப்பித் தாள் 80 ஜிஎஸ்எம்தான் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), வழவழப்பானது. இரண்டாவது அடுக்கு நிழல் போடும்போதே வழுக்கும். 150 ஜிஎஸ்எம் அளவில் கொஞ்சம் சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் கடதாசி, ஏ4 அளவு போதும். கொழும்பு ஈரக்காற்றில் கடதாசி நமத்துப் போகும், நமத்த தாளில் 2எச் பென்சில் பள்ளம் தோண்டும். ஆகவே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு போங்கள். உள்ளங்கை வியர்வை படத்தைத் தேய்க்காமல் இருக்கக் கைக்கு அடியில் வைக்க ஒரு துண்டுத் தாள். சாதாரண அழிறப்பர் ஒன்று, பிசைந்து உருட்டக்கூடிய அழிறப்பர் ஒன்று. இரண்டாவது கிடைக்காவிட்டால் சுவரில் படம் ஒட்டுகிற புளூடெக் அந்த வேலையை ஓரளவு செய்யும். தாளைப் பிடித்து வைக்க மட்டையும் இரண்டு கிளிப்பும். கடற்காற்றில் கிளிப் இல்லாமல் போனால் கீறுவதை விடத் துரத்துவதற்குத்தான் நேரம் சரியாக இருக்கும்.

பென்சிலைக் கூராக்கியில் திருகாமல் பிளேட்டால் சீவுங்கள். தண்டு ஒன்றரை சென்ரிமீற்றராவது வெளியே தெரிய வேண்டும். நுனியால் கோடு, சாய்த்துப் பிடித்தால் அகலமான நிழல், இரண்டும் ஒரே பென்சிலில் வரும்.

எப்போது, எங்கே

பின்னேரம் நாலு மணிக்குப் போங்கள். நண்பகலில் இங்கே சூரியன் தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலடியில் சுருண்டுவிடும். நிழல் இல்லாமல் கட்டடத்துக்குத் திண்மை வராது. நாலு மணிக்கு வெளிச்சம் கடல் பக்கமிருந்து சாய்வாக வரும். கடலைப் பார்த்த சுவர்கள் வெளிச்சமாகவும் நம்மைப் பார்த்த பக்கச் சுவர்கள் இருண்டும் தெரியும். கம்பங்களின் நிழல் வீதிக்குக் குறுக்கே விழும். ஆனால் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் இறங்கிவிடும், அதற்குள் நிழல் நீண்டுகொண்டே போகும். வந்த முதல் பத்து நிமிடத்திலேயே நிழல் எங்கே விழுகிறது என்று மெல்லிய கோட்டில் குறித்துவிட வேண்டும். பிறகு அது நகர்ந்தாலும் பின்னாலேயே போய் மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

நிற்பதற்கு நடைபாதைதான் சரியான இடம். தண்டவாளத்தின் நடுவில் நின்றால் காட்சி இன்னும் அழகாக இருக்கும் என்று தோன்றும். செய்யாதீர்கள். அலைச் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது.

இன்னொன்று. வேடிக்கை பார்க்க ஆட்கள் வருவார்கள். “தம்பி, என்ட ஓட்டோவையும் கீறுங்கோ” என்று ஒருவராவது கேட்பார். சரி என்று தலையாட்டுங்கள். உண்மையில் ஓட்டோ நல்ல பொருள்தான். ஒரு பெட்டியாக நினைத்துப் போட்டால் வீதிக்கு அளவு காட்டும்.

முதலில் தீப்பெட்டி அளவில்

ஒரு மட்டையில் 10 சென்ரிமீற்றருக்கு 7 சென்ரிமீற்றர் ஓட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஏ4 தாளின் விகிதமும் ஏறக்குறைய அதுதான். ஒரு கண்ணை மூடி அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். முன்னே பின்னே நகர்த்தினால் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியும். மரைன் டிரைவில் எல்லாவற்றையும் எடுக்க ஆசை வரும். பாதியை விடுங்கள்.

பிறகு தாளின் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக் கட்டம் போட்டு, காட்சியை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றே மூன்று திட்டாக நிரப்புங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கமெல்லாம் மறைந்து திட்டு மட்டும் தெரியும். இரண்டு நிமிட வேலை. இந்தச் சின்னக் கட்டத்தில் நன்றாக இல்லாத காட்சி பெரிய தாளிலும் நன்றாக வராது. பலர் இதைச் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள்.

கண்மட்டக் கோடு

இப்போது பெரிய தாளுக்கு வாருங்கள். 2எச் பென்சிலால், தாளைத் தொட்டும் தொடாமலும், குறுக்கே ஒரு நேர்கோடு. இதுதான் கண்மட்டக் கோடு. மற்ற இடங்களில் இதைக் கற்பனையில் தேட வேண்டும், கட்டடமும் மரமும் மறைத்துவிடும். கடற்கரையில் அந்தச் சிரமம் இல்லை. கடலும் வானமும் சேரும் கோடு எப்போதும் உங்கள் கண் உயரத்தில்தான் இருக்கும். குந்தியிருந்தால் அதுவும் இறங்கும், தொடர்மாடியின் எட்டாம் மாடிக்கு ஏறினால் அதுவும் கூடவே ஏறும். நம்பாவிட்டால் அடிமட்டத்தைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடித்துப் பாருங்கள்.

தாளை அகலவாக்கில் வைத்து, கீழிருந்து 8 சென்ரிமீற்றரில் இந்தக் கோட்டைப் போடலாம். நல்ல மேகம் இருக்கிற நாளில் இன்னும் கீழே, வெறும் வானமாக இருந்தால் மேலே. நடுவில் மட்டும் வேண்டாம். படம் இரண்டாகப் பிளந்தது போல் ஆகிவிடும்.

அடுத்தது மறைபுள்ளி. இந்தக் கோட்டில், தாளின் இடது விளிம்பிலிருந்து 18 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். வீதியின் இரண்டு ஓரமும், நடைபாதையின் விளிம்பும், தண்டவாளமும், தொடர்மாடிகளின் மொட்டைமாடி விளிம்பும், பல்கனிகளும், நம்மைவிட்டு விலகி ஒரே திசையில் ஓடுகிற எதுவும் அந்தப் புள்ளியைத்தான் நோக்கிப் போகும். கண்மட்டத்துக்கு மேலே இருப்பவை இறங்கி வரும், கீழே இருப்பவை ஏறி வரும். இதைத்தான் பெர்ஸ்பெக்டிவ் என்கிறோம். ஆறேழு வழிகாட்டிக் கோடுகளை அடிமட்டம் வைத்து மெதுவாகப் போடுங்கள். பிறகு அடிமட்டத்தைப் பைக்குள் வைத்துவிடுங்கள். கடைசிக் கோடுகளைக் கையால் போட்டால்தான் படத்தில் உயிர் இருக்கும். வீதி ஓரிடத்தில் லேசாக வளைந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் மறைபுள்ளி அதே கண்மட்டக் கோட்டில் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

கல்கிசை முனை மறைபுள்ளிக்கு வலது பக்கமாக, கடற்கோட்டின் மேல் மெல்லியதாக நீட்டிக்கொண்டிருக்கும். அதை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

தண்டவாளமே அளவுகோல்

இலங்கை ரயில் அகலப் பாதை. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் 5 அடி 6 அங்குலம், ஏறக்குறைய ஒரு ஆளின் உயரம். இது நமக்கு எவ்வளவு வசதி என்று பாருங்கள். பாதையோரம் தூரத்தில் ஒருவர் நடந்து போகிறார். அவரை எவ்வளவு பெரிதாகப் போடுவது? அவர் கால் படும் இடத்தில் உங்கள் தாளில் தண்டவாளங்களுக்கு இடையே எவ்வளவு தூரமோ, அவருடைய உயரமும் ஏறக்குறைய அவ்வளவு. அங்கே 1 சென்ரிமீற்றர் என்றால் அவரும் 1 சென்ரிமீற்றர்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நீங்கள் நிற்கிற அதே மட்டத்தில், உங்கள் உயரமுள்ள யார் நின்றாலும், கிட்டே நின்றாலும் தூரத்தில் நின்றாலும், அவருடைய கண் கண்மட்டக் கோட்டில்தான் இருக்கும். கால் மட்டும் தூரம் போகப் போக மேலே ஏறும். பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போய்ப் பாருங்கள்: புல்வெளி மட்டமாக இருப்பதால், பட்டம் விடுகிற கூட்டத்தின் தலைகள் எல்லாம் கடற்கோட்டை ஒட்டி வரிசையாக நிற்கும், குழந்தைகள் மட்டும் அதற்குக் கீழே. நீங்கள் புல்லில் உட்கார்ந்தால் அதே கோடு பெரியவர்களின் இடுப்பு மட்டத்துக்கு இறங்கிவிடும். தூரத்து ஆட்களைக் கீழே கீழே போட்டுப் படத்தைக் குள்ளர்களால் நிரப்புவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. இந்த ஒரு விதி அதைத் தடுக்கும்.

தெரு விளக்குக் கம்பங்கள் சம இடைவெளியில் நடப்பட்டவை, தாளில் அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு சுருங்கும் என்று ஊகிக்க வேண்டாம். முதல் கம்பத்தையும் இரண்டாவதையும் கண்ணால் பார்த்துப் போடுங்கள். இரண்டாவது கம்பத்தின் சரி நடுவைக் குறியுங்கள். முதல் கம்பத்தின் உச்சியிலிருந்து அந்த நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது தரைக்கோட்டில் எங்கே முட்டுகிறதோ அங்கேதான் மூன்றாவது கம்பத்தின் அடி. அப்படியே அடுத்தது. ஐந்து கம்பத்துக்குப் பிறகு நிறுத்திவிடலாம், அதற்கு மேல் அவை வெறும் கீறல்கள்தான்.

கறுப்பை எங்கே வைப்பது

கோட்டு வேலை இத்தோடு முடிந்தது. உண்மையான வேலை இனித்தான்.

ஒரு துண்டுத் தாளில் ஐந்து கட்டம் போட்டு, முதல் கட்டத்தை வெள்ளையாக விட்டு, கடைசிக் கட்டத்தை 6பி யால் முடிந்தவரை கறுப்பாக்கி, இடையில் மூன்றையும் படிப்படியாக நிரப்புங்கள். இந்தத் துண்டைக் கூடவே வைத்திருங்கள். காட்சியில் எதைப் பார்த்தாலும் அது எத்தனையாவது கட்டம் என்று கேளுங்கள்.

கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்புத் துவலையும் எப்போதும் இருக்கும். அது வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. நமக்கும் பொருளுக்கும் இடையில் காற்று கூடக் கூடக் கறுப்பு சாம்பலாகும், வெள்ளை மங்கும், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குறையும். வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும் சில விடியற்காலைகளில் கொழும்பின் உயர்ந்த மாடிகளிலிருந்து சிவனொளிபாத மலை தெரியும். அத்தனை பெரிய மலை வானத்தை விட ஒரு துளி மட்டும் இருண்ட சாம்பல் கோடாகத்தான் இருக்கும். அதில் காடு இருக்கிறது, பாறை இருக்கிறது என்று நமக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் போடுங்கள்.

வேலையைத் தூரத்திலிருந்து தொடங்குங்கள். கல்கிசை முனைக்கு 2எச் மட்டும், இரண்டாவது கட்டத்துக்கு மேல் போகாமல், விளிம்பில் கோடு இல்லாமல், வெறும் திட்டாக. அதில் ஹோட்டல் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அதற்காக ஜன்னல் போட வேண்டாம். நடுத்தூரத்துத் தொடர்மாடிகளுக்கு எச்பி. பக்கச் சுவரை மட்டும் மூன்றாவது கட்டத்துக்குக் கறுத்து, கடலைப் பார்த்த முகப்பைத் தாளின் வெள்ளையாக விட்டால் கட்டடம் தானாக எழுந்து நிற்கும். பல்கனிகளுக்கு நிழல் கோடு மட்டும். கிட்டே இருக்கிற ஒரு கட்டடத்தில் நாலைந்து ஜன்னலை ஒழுங்காகப் போட்டால், மற்றக் கட்டடங்களுக்கும் ஜன்னல் இருப்பதாகப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும். 4பி யும் 6பி யும் முன்னால் இருக்கிற பாறைக்கும் மரத்துக்கும் மட்டும். அவற்றைக் கல்கிசைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி போதும், தூரம் முழுவதும் முன்னால் வந்து நின்றுவிடும்.

விரலால் தேய்த்து நிழலை மழுங்கடிக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. விரலின் எண்ணெய் தாளில் இறங்கி, பிறகு அழிறப்பருக்கு அசையாது. வானத்துக்கு மட்டும் ஒரு ரிசு பேப்பரால் லேசாகத் தேய்க்கலாம். மற்றதையெல்லாம் கோட்டுக்குப் பக்கத்தில் கோடு வைத்து நிரப்புங்கள். பொறுமை வேண்டும், ஆனால் பொருளின் வடிவம் நிற்கும்.

ஒரு தென்னை

முன்னால் ஒரு தென்னை இருந்தால் நேரம் எடுத்து அதில் உட்காருங்கள். படத்தின் ஆழம் முழுவதும் அதற்கும் கல்கிசைக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கடற்கரைத் தென்னை நேராக நிற்பது குறைவு. அடியில் பருத்து, கொஞ்சம் படுத்தாற்போல் கிளம்பி, பிறகு நிமிரும். முதலில் அந்த வளைவை ஒரே கோட்டில் பிடியுங்கள். தண்டில் மட்டை விழுந்த வளையத் தழும்புகளைக் கவனியுங்கள். அவற்றைக் குறுக்குக் கோடாகப் போட்டால் தண்டு தட்டைப் பலகை ஆகிவிடும். கண்மட்டத்துக்கு மேலே உள்ள வளையங்கள் மேல்நோக்கி வளையும், உயரே போகப் போக வளைவு கூடும். கண்மட்டத்துக்குக் கீழே உள்ளவை கீழ்நோக்கி வளையும். கண்மட்டத்தில் மட்டும் நேர்கோடு. எல்லா வளையத்தையும் போட வேண்டாம். வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற இடத்தில் மட்டும் அழுத்தி, வெளிச்சப் பக்கம் வரும்போது விட்டுவிடுங்கள். வலது பக்கம் வெளிச்சம், இடது பக்கம் 4பி. ஆனால் இடது விளிம்பின் கடைசி நூலளவை ஒரு படி வெளிறச் செய்யுங்கள். வீதியிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. உருண்டை என்று சொல்ல வைப்பது அந்த நூல்தான்.

ஓலையில் நடு நரம்பை முதலில் வில்லாக இழுத்து, இலைகளைக் காற்று வீசும் பக்கம் தொங்கவிடுங்கள். நம்மை நோக்கி வருகிற ஓலை குட்டையாகத் தெரியும், எல்லா ஓலையையும் ஒரே நீளத்தில் பக்கவாட்டில் விரித்தால் அது சின்னப் பிள்ளைகளின் தென்னைதான். அடுத்த தென்னைக்குக் கொத்தின் வடிவமும் மூன்று நாலு ஓலையும் போதும். அதற்கடுத்ததற்கு ஒரு சாம்பல் திட்டு.

பாறைகளை உருண்டையாகப் போடாதீர்கள். மேல்தளம், வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் என்று மூன்று முகமாகப் பிரித்து, மூன்றுக்கும் மூன்று கட்டம். பாறைக்கும் பாறைக்கும் இடையே உள்ள இடுக்குதான் முழுப் படத்திலும் மிகக் கறுப்பான இடம்.

கடலும் வானமும்

கடலில் தூரத்து அலைகள் நெருக்கமான கிடைக்கோடுகள். கிட்ட வர வர இடைவெளி அகலும். கடற்கோட்டை அழுத்திப் போடாதீர்கள். நுரையைக் கீற முடியாது, வெள்ளைத் தாளை விட்டுவைத்து அதைச் சுற்றி நிழல் போட வேண்டும். மறந்துபோய் நிரப்பிவிட்டால் பிசைந்த அழிறப்பரைக் கூராக உருட்டி ஒற்றி எடுக்கலாம். மேகத்துக்கும் பெர்ஸ்பெக்டிவ் உண்டு. தலைக்கு மேல் உள்ள மேகம் பெரிது, கடற்கோட்டை நெருங்க நெருங்கச் சிறிதாகி அடுக்கடுக்காக நெருங்கும். அடிப்பக்கம் ஏறக்குறைய தட்டையாகவும் இருண்டும் இருக்கும்.

வேலை முடிந்ததும் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், அல்லது கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தூரத்தில் தேவையில்லாத கறுப்பு இருந்தால் உடனே கண்ணில் குத்தும். அந்த இடத்தில் அழிறப்பரைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

கடற்கரை கைக்கு வந்த பிறகு பேரை வாவிக்குப் போகலாம். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலக்க பௌத்த ஆலயத்தின் கூரைகள் தண்ணீரில் விழுவது நல்ல பயிற்சி. பிரதிபலிப்பு எப்போதும் பொருளுக்கு நேர் கீழே விழும், கறுப்புப் பொருளின் பிம்பம் ஒரு படி வெளிறியும், வெள்ளையின் பிம்பம் ஒரு படி மங்கியும் இருக்கும். அப்படியே கிரீன் பாத் பக்கம் நடந்தால் நடைபாதையோரம் ஓவியங்கள் விற்பனைக்கு வைத்திருப்பார்கள். வாங்காவிட்டாலும் கிட்டே போய், தூரத்தை எப்படி மங்கவிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

முடித்த படத்துக்கு, பென்சில் தூள் கலையாமல் பிடித்து வைக்கும் பிக்சட்டிவ் ஸ்ப்ரே அடிப்பதென்றால் ஓர் அடி தள்ளி நின்று, மெல்லியதாக, காயவிட்டு இரண்டு முறை. பல்கனியில் கடற்காற்று வீசும்போது வேண்டாம், அறைக்குள் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஸ்ப்ரே இல்லாவிட்டால் படத்துக்கு மேல் ஒரு எண்ணெய்த் தாளை வைத்து, ஃபைலுக்குள் போட்டு, சுவரை ஒட்டாத அலுமாரித் தட்டில் வையுங்கள். சுவர் ஈரம் இழுத்தால் ஒரு மழைக்காலத்திலேயே தாளில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும்.